ஏழு கிலோ எழுநூறு கிராமும் ஒரு பழுதான கிரேனும்

பூமி அந்தரத்தில் தொங்குகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தபோது நாமெல்லாம் தலையை ஆட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டோம். "எதுல மாட்டியிருக்கு? கடைசியா யாரு செக் பண்ணினது?" என்று எழுந்து நின்று கேட்டிருக்கக்கூடிய ஒரே மனிதர், ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் இருக்கும் லோடு டெஸ்ட்தான்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. கரண்ட் பில்லில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை. திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில், கிரேனில் பாரம் மாட்டிவிடும் பிரிவில் வேலை. நாலு யானை எடையுள்ள இரும்பு உருளையை நாடாவாலும் கம்பிக் கயிற்றாலும் கட்டி, விசில் ஊதி, கையை ஆட்டி, தூக்க வைத்து இறக்க வைப்பார். அந்த நாடா, கயிறு, கொக்கி எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்து, தையல் பார்த்து, தேறினால் காலாண்டுக்கு ஒரு நிறத்தில் பெயின்ட் பொட்டு வைப்பதும் அவர்தான். தேறாவிட்டால் கத்தியால் இரண்டாக வெட்டிப் போட்டுவிடுவார், யாரும் எடுத்து உபயோகிக்காமல் இருக்க.

ஆலையில் இப்படி இருப்பது நியாயம். மனிதர் வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியே இருந்தார். தொங்குகிற எதையும் நம்பமாட்டார். கல்யாண மண்டபத்தில் சரவிளக்குக்குக் கீழே நாற்காலி போட்டிருந்தால் அதை நகர்த்திப் போட்டுக்கொண்டுதான் உட்காருவார். பெட்டிக்கடையில் தொங்கும் வாழைத்தாரைப் பார்த்து, "இந்தக் கயிறு எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்டார். கடைக்காரர், "தாரு நேத்து வந்துச்சு சார். கயிறு எங்க அப்பா காலத்துது" என்றார். அன்றிலிருந்து லோடு டெஸ்ட் அந்தக் கடையில் பழம் வாங்கினால் மூன்றடி தள்ளி நின்று கையை மட்டும் நீட்டுவார். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தண்ணீர்ப் பிரச்னையைப் பேச உட்கார்ந்தோம். மேலே சுற்றும் ஃபேனின் கொக்கி சரியில்லை என்று சொல்லி, இருபத்திரண்டு வீட்டுக்காரர்களையும் சுவரோரமாக வரிசையாக உட்காரவைத்துவிட்டார். நடுவில் யாருமில்லாத தரைக்கு ஃபேன் ஓடியது. தண்ணீரை விட்டுவிட்டு எல்லோரும் வியர்வையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தோம்.

நான் கார் ரிவர்ஸ் எடுத்தபோது அவர் உதவிக்கு வந்ததையும் சொல்லிவிடுகிறேன். கட்டைவிரலைக் கீழே காட்டி மற்ற விரல்களை மூடித் திறந்தார். கிரேன்காரர்களுக்கு அது ஏதோ அர்த்தம். எனக்கு, "உங்கள் டிரைவிங் மட்டம்" என்று பட்டது. அது உண்மையும்கூட என்பதால் தலைகுனிந்து பின்னால் போய் மோட்டார் ரூம் சுவரில் இடித்தேன்.

இப்படிப்பட்டவருக்கும் எங்களுக்கும் நெருக்கம் ஏற்பட்டது எங்கள் மகள் யாழினியால்.

யாழினிக்கு அப்போது ஆறு மாதம். கீழே விட்டால் அழுவாள். அவள் முதுகுக்கும் மெத்தைக்கும் இரண்டு விரற்கடை இருக்கும்போதே தெரிந்துவிடும். கண்ணைத் திறக்காமலே வாயைத் திறப்பாள். தூளியில் போட்டாலும் அதே கதைதான். மனித உடம்பின் சூடு இருந்தால் மகாராணி, இல்லாவிட்டால் தீயணைப்பு வண்டி.

என் மனைவி வித்யா தென்னூரில் ஒரு கண் மருத்துவமனையில் கண் பரிசோதிக்கும் வேலையில் இருந்தாள். பிரசவ விடுப்பு முடியப் போகிறது. திங்கட்கிழமை வந்து சேர வேண்டும், இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். காலை ஓ.பி. மட்டும்தான், எட்டரைக்குப் போனால் பன்னிரண்டரைக்கு வந்துவிடலாம். எனக்கோ வீட்டிலிருந்தே வேலை, அதுவும் மதியம் இரண்டு மணிக்கு மேல். நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன். நான் 'பாஸ்' போட்டு அனுப்பிய எதுவும் மறுநாள் ஒழுங்காக ஓடியதாகச் சரித்திரம் இல்லை. இது வித்யாவுக்கும் தெரியும்.

"காலைல நாலு மணி நேரம்தானே? நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"நீங்க அவளை அரை மணி தூக்கினாலே தைலம் கேக்கறீங்க."

"அது வேற வலி."

"ஏங்க, விளையாட்டில்ல. எனக்கு இந்த வேலை வேணும். ஆனா இவ இங்க கத்திக்கிட்டிருக்கறப்ப நான் அங்க ஒருத்தர் கண்ணுல லைட் அடிச்சுப் பாக்க முடியாது. வெள்ளிக்கிழமை ஒரு காலை முழுக்க, அவளும் அழாம, உங்க முதுகும் பிடிக்காம வச்சிருந்து காட்டுங்க. சேர்றேன்னு ஒரு லெட்டர், நின்னுக்கறேன்னு ஒரு லெட்டர், ரெண்டும் எழுதி வச்சிருக்கேன். எதைக் குடுக்கறதுன்னு அன்னைக்குச் சொல்றேன்."

இரண்டு உறைகளும் ஃப்ரிட்ஜின் மேல் இருந்தன. நான் தண்ணீர் எடுக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்தன.

உடனே ஆன்லைனில் குழந்தையை நெஞ்சில் கட்டிக்கொள்ளும் பை ஒன்று வாங்கினேன். எதைப் பார்த்து வாங்கினேன் என்று கேட்கக்கூடாது. படத்தில் அதை மாட்டியிருந்த வெளிநாட்டுக்காரருக்கு வயிறே இல்லை. அதை மாட்டினால் நானும் அப்படி ஆகிவிடுவேன் என்று மனதின் ஒரு மூலை நம்பியது. பன்னிரண்டு பாக்கெட் இருந்தது. குழந்தை உட்காரும் இடம் மட்டும் ஒரு சாண்கூட இல்லை.

யாழினியை அதில் போட்டுக்கொண்டு லிஃப்டில் கீழே இறங்கினேன். பாராசூட்டில் குதித்தவள் மாதிரி கால்கள் நேராகத் தொங்க, அவள் மெதுவாகச் சரிந்து என் தொப்பையின் மேல் வந்து தங்கியிருந்தாள். கதவு திறந்தது. எதிரே லோடு டெஸ்ட். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து நின்றார்.

"நிறுத்துங்க சார்! லோடு சாயுது!"

நின்றேன். லிஃப்ட் கதவு மூடப் பார்த்தது. காலை வைத்துத் தடுத்தார். என்னை வெளியே நிறுத்தி மூன்று முறை வலம் வந்தார். நெற்றியைச் சுருக்கி நாடாவின் தையலைப் பார்த்தார்.

"யாரு மாட்டினது இதை?"

"நான்தாண்ணே."

"டேக் எங்க? எவ்ளோ வெயிட்டு தாங்கும்னு போட்டிருக்கணுமே." துணியைப் புரட்டிக் கண்டுபிடித்துப் படித்தார். "சரி. பாப்பா என்ன வெயிட்டு?"

"ஏழு, ஏழரை இருக்கும்ணே."

"இருக்கும்னா? நான் ஆலைல போயி, 'இருபது டன் இருக்கும்'னு சொன்னா கேட்லயே நிறுத்திடுவாங்க சார்."

மேலே வந்தார். வீட்டில் எடை பார்க்கும் மெஷினில் என்னைக் குழந்தையோடு ஒரு முறை, குழந்தை இல்லாமல் ஒரு முறை ஏற்றினார். கழித்துப் பார்த்து உரக்கச் சொன்னார்: "லோடு ஏழு கிலோ எழுநூறு. கிரேன் எண்பத்தெட்டு."

சமையலறையிலிருந்து வித்யா எட்டிப் பார்த்தாள். அவளிடம் நான் எழுபத்தாறு என்று சொல்லி வைத்திருந்தேன். அது கல்யாணப் பத்திரிகை அடித்த சமயத்து எடை.

"கிரேன்ல முன்பக்கம் ஓவர்ஹாங் ஜாஸ்தி மேடம்" என்று அவளிடமே என் வயிற்றைக் காட்டி விளக்கினார். "மாத்த முடியாதுல்ல?"

"முடியாதுண்ணே. வாரண்டி முடிஞ்சுபோச்சு" என்றாள் வித்யா.

மறுநாள் சோதனை. பாரத்தின் எடையில் கால் பங்கு கூடுதலாக வைத்துத் தூக்கிப் பார்த்தால்தான் அது சோதனை என்பது அவர் ஆலைச் சட்டம். யாழினிக்குக் கால் பங்கு சேர்த்தால் ஒன்பது கிலோ அறுநூற்று இருபத்தைந்து கிராம். ஐந்து கிலோ பொன்னி அரிசி மூட்டை, ஒரு கிலோ இட்லி அரிசிப் பொட்டலம் நாலு, அறுநூறு கிராம் துவரம்பருப்பு. பாக்கி இருபத்தைந்து கிராமுக்கு வித்யாவிடம் கேட்டு ஒரு துண்டு இஞ்சி வாங்கிச் சேர்த்தார். எல்லாவற்றையும் துண்டில் சுற்றி என் நெஞ்சில் கட்டினார். தலை எங்கே என்று தெரிய வேண்டுமாம்; அரிசி மூட்டையின் வாய்க்கு யாழினியின் குல்லாவை மாட்டினார்.

"வீட்டுக்குள்ளயே நடக்கறேனே அண்ணே."

"வீட்டுக்குள்ள ஸ்பீட் பிரேக்கர் இருக்கா? மாடு இருக்கா? வாங்க சார்."

சித்திரை வீதியில் நான் முன்னால் போனேன். ஐந்தடி பின்னால் வாயில் விசிலோடு அவர். பாரத்தோடு நடக்கும்போது அவர் பேசமாட்டார், விசில்தான். ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ. இப்படி நின்றும் போயும் வந்துகொண்டிருந்தபோது எங்கள் எதிர்வீட்டு மாமி கோயிலிலிருந்து திரும்பி வந்தாள்.

"ஏண்டாப்பா, இந்த வெயில்ல பச்சைக் குழந்தைய எடுத்துண்டு எங்க கிளம்பிட்டே? மூஞ்சியெல்லாம் மூடிண்டு! மூச்சு முட்டப்போறதுடா!"

"இல்ல மாமி, இது வந்து..."

மாமி காத்திருக்கவில்லை. குல்லாவைத் தூக்கினாள். சணல் முடிச்சு தெரிந்தது. கீழே 'பழைய பொன்னி, கல் நீக்கியது' என்று அச்சடித்திருந்ததும் தெரிந்தது. மாமி ஒரு கணம் மூட்டையைப் பார்த்தாள், ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள்.

"ரங்கநாதா! ஆத்துக்காரி வேலைக்குப் போறேன்னதும் இவனுக்குப் புத்தி பேதலிச்சுடுத்தே!"

பின்னால் இரண்டு விசில். நான் போனேன். வீடு போய்ச் சேர்வதற்குள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்துவிட்டது. மூன்றாம் மாடிக்காரர் ஒருவர், "குழந்தை யார் ஜாடை?" என்று கேட்டிருந்தார். அதற்கு வித்யா சிரிக்கும் பொம்மை போட்டிருந்தாள்.

அந்தப் பை தேறவில்லை. என் இரண்டு தோளிலும் சிவப்பாக வாய்க்கால் வெட்டியிருந்தது. "நாடா நல்லாத்தான் சார் இருக்கு. டிசைன்தான் தப்பு. மொத்த லோடும் கழுத்துல தொங்குது. இடுப்பு சும்மா நிக்குது. இடுப்புதான் சார் சுமக்கணும், தோள் பிடிச்சா போதும்" என்றார். அப்புறம் கத்தியை எடுத்தார். வித்யா பாய்ந்து தடுத்து, "ரிட்டர்ன் போடணும்ணே" என்றாள். அவருக்குத் துளியும் பிடிக்கவில்லை. சிவப்புப் பொட்டாவது வைக்கிறேன் என்றார். அதுவும் கூடாதென்று சொல்லி ஒரு காபி கொடுத்தோம்.

அடுத்து பாலக்கரையில் குழந்தைச் சாமான் கடை. யாழினியையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் போனோம். போட்டுப் பார்க்காமல் வாங்கக்கூடாது என்று லோடு டெஸ்ட் உத்தரவு. கடைக்கார பாய் பொறுமைசாலி. "மாஷா அல்லாஹ், பாப்பா சிரிக்குது பாருங்க" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்.

முதலில் வந்தது ஒரே தோளில் மாட்டும் துணி. இரண்டு வளையத்தில் துணியைக் கோர்த்து இறுக்குவது. லோடு டெஸ்ட் துணியை விட்டுவிட்டு வளையத்தை எடுத்து வெளிச்சத்தில் உருட்டி உருட்டிப் பார்த்தார். நகத்தால் சுற்றிலும் வருடினார்.

"என்ன சார் தேடறீங்க?" என்றார் பாய்.

"ஜாயின்ட். ரிங்ல ஒட்டு இருக்கக்கூடாது. இருந்தா ஒருநாள் வாயைப் பொளந்துரும்."

"பாப்பாவுக்குப் பை வாங்க வந்தீங்களா, காவேரிக்குப் பாலம் கட்ட வந்தீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதான் பாய். கீழ விழக்கூடாது."

ஒட்டு இல்லை, வளையம் தேறியது. ஆனால் ஒரே தோள் என்பதால் என் வலது தோள் ஐந்தே நிமிடத்தில் ராஜினாமா செய்தது. அடுத்து, ஏழு முழத்துக்கு ஒரு நீளத் துணி. உடம்பைச் சுற்றிச் சுற்றிக் கட்டுவது. வித்யா கட்டினால் அழகாக இருந்தது. நான் கட்டினேன், கடைசிச் சுற்றில் குழந்தை வெளியே இருந்தாள், நான்தான் உள்ளே இருந்தேன். அப்புறம் கனமான பஞ்சு வைத்தது ஒன்று. "திருச்சி வெயிலுக்கு இதுல போட்டா பாப்பா இட்லி மாதிரி வெந்துரும்" என்று தள்ளிவிட்டார்.

கடைசியாக வந்தது மெல்லிய பருத்தித் துணியில், அகலமான இடுப்புப் பட்டையும் இரண்டு தோள் பட்டையும் வைத்தது. லோடு டெஸ்ட் தரையில் குந்தி உட்கார்ந்து என் வயிற்றுக்குக் கீழிருந்து அண்ணாந்து பார்த்து ஆணை பிறப்பித்தார்.

"முதல்ல இடுப்பு பெல்ட். இடுப்பு எலும்பு மேல உக்காரணும். உங்க இடுப்பு எலும்பு எங்க சார்?"

"இருந்துச்சுண்ணே. காலேஜ்ல பாத்தேன்."

தேடிக் கண்டுபிடித்தோம். யாழினியை உட்காரவைத்தேன். அவள் தொடை முழுவதும் துணியில் பதிந்து, முழங்கால் பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்து, தவளை உட்காருவது மாதிரி உட்கார்ந்தாள். "அதான்! இப்ப கால் தொங்கலை பாருங்க. தாடை நெஞ்சுல அமுங்கக்கூடாது. ரெண்டு விரல் போகணும். மூஞ்சி எப்பவும் கண்ணுல படணும். பொத்துனாப்ல துணி விழக்கூடாது. அப்புறம் பாப்பா தலை உங்க... அந்த..." என்று நிறுத்தினார்.

"என்னண்ணே?"

"இல்ல... நீங்க குனிஞ்சா... உங்க வாய்க்கு... எட்டணும்."

"முத்தம் குடுக்கற உயரம்னு சொல்லுங்களேன்" என்றாள் வித்யா.

மனிதருக்குக் காது சிவந்துவிட்டது. நாற்பத்தைந்து வயது, தனி ஆள். இருபது டன் இரும்பை அசட்டையாக உச்சரிப்பவருக்கு அந்த ஒரு சொல்லைத் தூக்க முடியவில்லை. கடை வாசலைப் பார்த்துக்கொண்டு, "ஆமா. அந்த ஹைட்டு" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பட்டையின் ஓரத்தில் ஒரு பச்சைப் பொட்டு வைத்தார். அந்தக் காலாண்டுக்குப் பச்சை. அடுப்புப் பக்கம் போகக்கூடாது, இதோடு டூவீலரில் ஏறக்கூடாது, ஏதாவது கீழே விழுந்தால் இடுப்பை வளைக்காமல் முட்டியை மடக்கி உட்கார்ந்து எடுக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார்.

"இவ்ளோ செய்யறீங்க. ஒரு தடவை நீங்களே மாட்டிப் பாருங்கண்ணே" என்று யாழினியை நீட்டினாள் வித்யா.

அவர் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"வேணாம் மேடம். நான் தூக்கிவிடறது எல்லாம் இரும்பு. விழுந்தா நெளியும். தட்டி நிமித்திக்கலாம்."

வெள்ளிக்கிழமை வந்தது. வித்யா எட்டு மணிக்கு இரண்டு உறைகளையும் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "தென்னூர் வரைக்கும் போய், ஆஸ்பத்திரில எல்லாரையும் பாத்துட்டு பன்னெண்டரைக்கு வரேன். நான் போன் பண்ண மாட்டேன். நீங்களும் பண்ணாதீங்க." வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு, யாழினியின் தலையைத் தடவிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். திரும்பிப் பார்த்தால் போகமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

முதல் இரண்டு மணி நேரம் என் வாழ்வின் பொற்காலம். பால் கொடுத்து, ஏப்பம் எடுத்து, மாட்டிக்கொண்டேன். பாரம் இடுப்பில் இறங்கி நின்றது. தோளில் கனமே இல்லை. யாழினி என் நெஞ்சில் கன்னத்தை வைத்துத் தூங்கினாள். நான் ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்தேன். இவ்வளவுதானா, இதற்காகவா பெண்கள் இத்தனை காலம் அலுத்துக்கொண்டார்கள் என்றுகூட நினைத்தேன். இப்படி நினைக்கும்போதுதான் தெய்வம் ரப்பர் வாத்தை அனுப்பும்.

பத்தரை மணிக்கு யாழினி விழித்தாள். கையிலிருந்த வாத்தைக் கீழே போட்டாள். நான் முட்டியை மடக்கவில்லை. கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றுகிறவர் மாதிரி இடுப்பை வளைத்துக் குனிந்தேன்.

'டக்' என்றது.

அதற்குப் பிறகு நான் நிமிரவில்லை. ஒரு கை சாப்பாட்டு மேஜையில், ஒரு கை குழந்தையின் முதுகில். எந்தத் திசையில் அசைந்தாலும் இடுப்பில் யாரோ ஸ்பேனர் போட்டுத் திருகினார்கள். போன் ஃப்ரிட்ஜின் மேல், அந்த உறைகள் இருந்த இடத்தில். பட்டையை அவிழ்க்கலாம் என்றால் பின்பக்கக் கொக்கி இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில். நல்ல நாளிலேயே தட்டித் தடவித்தான் எட்டும். யாழினி மட்டும் ஒன்றும் ஆகாமல், இறுக்கமாக என்னோடு ஒட்டிக்கொண்டு, என் மூக்கைப் பிடித்து இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பை தேறிவிட்டது, கிரேன்தான் போய்விட்டது.

வித்யாவின் லெட்டர் எது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஒரு வாத்துக்காக அவள் வேலை போகப் போகிறது. என்னையறியாமல், "அண்ணே" என்றேன். பெரிதாகக்கூட இல்லை, முனகல்தான்.

மூன்று விநாடியில், தாழ் போடாமல் விட்ட கதவு திறந்தது. லோடு டெஸ்ட். காலில் ஆலை பூட்ஸ், கழுத்தில் விசில்.

"எப்படிண்ணே அதுக்குள்ள..."

"பேசாதீங்க சார். லோடு மேல இருக்கு." என்னைச் சுற்றி வந்தார். "பிரேக்டவுன்னா முதல்ல லோடை இறக்கணும். பாப்பாவைக் கட்டில்ல விட்டுடலாம்."

"விட்டா கத்துவாண்ணே. மாமி ஓடி வருவாங்க. மாமி வந்தா வாட்ஸ்அப். வித்யா அங்கயே நின்னுக்கறேன்னு குடுத்துடுவா."

அவர் பட்டையை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார்.

"நீங்கதான் மாட்டிக்கணும்ணே."

"சார்... வேணாம் சார்." கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இது இரும்பில்ல சார்."

"அண்ணே, மொத்த ஸ்ரீரங்கத்துலயும் இதுக்குத் தகுதியான ஆளு நீங்க ஒருத்தர்தான். நான் சிக்னல் குடுக்கறேன். நீங்க பாத்து செய்ங்க."

பின்பக்கக் கொக்கியை அவிழ்த்தார். என் முன்னால் முட்டி போட்டு, இரண்டு கையையும் நேராக நீட்டி யாழினியை வாங்கினார். கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்ததும் அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"கிட்டண்ணே! நெஞ்சோட!" குனிந்த நிலையிலேயே கட்டைவிரலை உள்ளே மடக்கி மடக்கிக் காட்டினேன். அணைத்துக்கொண்டார். பிதுங்கிய உதடு உள்ளே போனது.

நான் இடுப்புப் பட்டையைக் கழற்றி, அவர் எழுந்ததும் அவர் இடுப்பில் சுற்றினேன். இடுப்பு பெல்ட் மாட்டுவதற்கென்றே கடவுள் என்னைச் சரியாக அந்த உயரத்தில் நிறுத்தி வைத்திருந்தார். துணியை யாழினியின் முதுகு மேல் இழுத்துத் தோள் பட்டைகளை மாட்டினோம். பின்பக்கக் கொக்கிக்கு நான் நிமிர முடியாததால் அவர் மறுபடி மண்டியிட்டார். வழியோடு போகிறவர் யாராவது எட்டிப் பார்த்திருந்தால் ஏதோ புது மதம் என்று நினைத்திருப்பார்.

"முட்டி?"

"மேல இருக்கு சார்."

"தாடை?"

"ரெண்டு விரல் போகுது."

"அந்த ஹைட்டு?"

அண்ணாந்து பார்க்க முயன்றேன்; இடுப்பு விடவில்லை. ஓரக்கண்ணால் மட்டும் தெரிந்தது. தலையை மெல்லக் குனிந்தார். யாழினியின் உச்சியில் உதடு பட்டது.

"எட்டுது சார்" என்றார், குரலே மாறி. கொஞ்சம் பொறுத்து, "எதுக்கும் இன்னொரு தடவை பாத்துக்கறேன்" என்றார்.

பன்னிரண்டரைக்கு வித்யா வந்தபோது நான் தரையில் மல்லாந்து கிடந்தேன். லோடு டெஸ்ட் ஹாலில், இருபது டன்னை நகர்த்தும் வேகத்தில், அடிமேல் அடி வைத்து நடந்துகொண்டிருந்தார். வாயில் விசில், ஆனால் ஊதவில்லை. அவர் நெஞ்சில் யாழினி, வாயைத் திறந்தபடி தூக்கம்.

வித்யாவுக்குப் பின்னாலேயே மாமியும் நுழைந்தாள். "இவன் காலம்பற எட்டு மணியிலேர்ந்து உங்காத்து மாடிப்படியிலயே உக்காந்துண்டிருக்கான்டி. என்னடான்னா, 'இன்னிக்கு டெஸ்ட்டு மாமி, லீவு போட்டிருக்கேன்'ங்கறான். ரெண்டு தடவை காபி குடுத்தேன். உள்ள வாடான்னா வரமாட்டேங்கறான்."

வித்யா நேராகப் போய் யாழினியின் தாடைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தாள். போயிற்று. பிறகு தரையில் கிடந்த என்னைப் பார்த்தாள்.

"கிரேன் ஃபெயில்" என்றேன்.

"தெரியுது."

லோடு டெஸ்ட் விசிலை வாயிலிருந்து எடுத்தார். பாரத்தோடு நடக்கும்போது அவர் பேசி நாங்கள் கேட்டது அதுதான் முதல் முறை. "தங்கச்சி... எனக்கு செகண்ட் ஷிப்ட் கேட்டா குடுப்பாங்க. ஒரு மணிக்குத்தான் கம்பெனி பஸ். காலைல சும்மாதான் இருப்பேன். சாருக்கு ஸ்டாண்ட்பை ஒண்ணு இருக்கட்டும்."

அதுவரை அவளை அவர் மேடம் என்றுதான் கூப்பிட்டார்.

வித்யா கைப்பையைத் திறந்து ஒரு உறையை எடுத்து இரண்டாகக் கிழித்தாள். தேறாததை இரண்டாக்கிப் போட வேண்டும் என்பது அவருடைய சட்டம்தான். திங்கட்கிழமை எட்டு மணிக்கு அவள் வேலைக்குப் போனாள். திரும்பிப் பார்த்து, கையசைத்துவிட்டுப் போனாள்.

இதெல்லாம் நடந்து நான்கு வருடம் ஆகிறது. யாழினி எல்.கே.ஜி. போகிறாள். அந்தப் பை எங்கள் பரணில் இருக்கிறது. அதன் பட்டை ஓரத்தில் பச்சை, நீலம், மஞ்சள், வெள்ளை, மறுபடி பச்சை என்று பதினாறு பொட்டுகள். காலாண்டு பிறந்த முதல் ஞாயிறு லோடு டெஸ்ட் வருவார். ஸ்டூலைச் சோதித்துவிட்டு அதில் ஏறிப் பையை இறக்குவார். தையலை இழுத்துப் பார்ப்பார், கொக்கியைச் சொடுக்கிப் பார்ப்பார், ஒரு பொட்டு வைத்துக் காயவிடுவார். காயும் நேரத்தில் பதினேழு கிலோ யாழினி ஓடிவந்து அவர் மேல் ஏறுவாள். எந்தப் பட்டையும் இல்லாமல், டேக் பார்க்காமல், அவரும் தூக்கிக்கொள்வார்.

போன மாதம் மாமி வந்து, பெண் பிரசவத்துக்கு வருகிறாள், அந்தப் பையைக் கொடேன் என்றாள். பொய்யே சொல்லத் தெரியாத வித்யா, "கிழிஞ்சுபோச்சு மாமி" என்றாள். மாமிக்கு அன்றைக்கே பாலக்கரைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டோம்.

இதைக் கொடுத்துவிட்டால், அடுத்த காலாண்டில் அவர் எதைப் பார்க்க வருவார்?